"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கிறன்": நம் கரையின் மூத்தவர்களும் கொள்ளைநோய்க் காலங்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இது அவர்களுடைய கதை.

நம் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது "சுகம் எப்படி?" என்று கேட்டால் வருவது ஒரே பதில்தான். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கிறன்." முழங்கால் வலியில் எழும்ப முடியாதவரும் இதைத்தான் சொல்வார். கண்ணில் வெள்ளை விழுந்தவரும் இதைத்தான் சொல்வார். கொரோனாக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் (நாம் பி.எச்.ஐ என்று சொல்கிறவர்கள்) வீடு வீடாக வந்து "வாப்பா, ஏதும் வருத்தம் இருக்கா?" என்று கேட்டபோதும் பதில் மாறவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் இல்ல." அவர் சாய்ந்திருந்த கதிரைக்குப் பின்னால், சுவர் ஆணியில், பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் போட்ட பை தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மருத்துவக் கேள்வியாகக் கேட்கவே இல்லை. அல்லாஹ் தந்ததைப் பற்றிக் குறை சொல்கிறாயா என்று கேட்டதுபோலத்தான் கேட்டது. அவர் ஷுக்ரு செய்தார். பி.எச்.ஐ தன் படிவத்தில் 'நோய் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஒருவர் தன் உடம்பைப் பற்றி மனதில் வைத்திருக்கும் கணக்கும் டொக்டர் கொப்பியில் எழுதும் கணக்கும் வேறு வேறு. கொள்ளைநோய் வரும்போது முகக்கவசம் போடுவதா, வீட்டில் இருப்பதா, ஊசி போடுவதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் கணக்குத்தான். நம் கரையில் அந்த முதல் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, நூறு வருடமாவது பின்னால் போகவேண்டும்.

1918இல் உலகம் முழுவதும் பரவிய இன்புளுவென்சா இலங்கையையும் விடவில்லை. இரண்டு அலைகளாக, 1919வரை ஆட்டிப் படைத்தது. இலங்கை இழந்த உயிர்கள் மூன்று இலட்சம் அளவில் இருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது முழு நாட்டின் சனத்தொகையே ஐம்பது இலட்சத்தைத் தொடவில்லை. அந்தக் காய்ச்சலில் விசித்திரமான ஒன்று இருந்தது. வழக்கமான தடிமன் காய்ச்சல் குழந்தையையும் கிழவரையும்தான் கொண்டுபோகும். 1918இல் உலகெங்கும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள் கொத்தாக விழுந்தார்கள். வயதானவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சாகவில்லை. அவர்கள் சிறுவயதில் அதற்கு நெருக்கமான ஒரு காய்ச்சலைப் பார்த்திருக்கலாம், அந்தப் பழைய எதிர்ப்பு உடம்பில் மிச்சம் இருந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

அதாவது "பழைய உடம்பு, தாங்கும்" என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1934-35 மலேரியா. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்தக் கதை நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமானது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. மகா ஓயா, தெதுரு ஓயா ஓரமெல்லாம் அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. ஒக்டோபரில் தொடங்கி அடுத்த வருடம் ஏப்ரல் வரைக்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் மிக மோசம். தெதுரு ஓயா கடலில் விழுவது சிலாபத்துக்குப் பக்கத்தில் என்பதால் அந்தப் பகுதியும் தப்பவில்லை. (அந்தக் காலத்தில் சிலாபம் தனி மாவட்டம்.) டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்ற இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனது அப்போதுதான். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு அந்த நடையும் ஒரு காரணம்.

ஆனால் புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பக்கம் போன்ற வறண்ட பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே மலேரியா விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன். வருடா வருடம் வரும், குளிர் நடுங்க வைக்கும், போகும். திரும்பத் திரும்பக் கடிபட்ட உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. அதற்கு விலையும் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ குழந்தைகள் ஐந்து வயதைக் காணாமல் போனார்கள். தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்கள் "நமக்கு இது பழகினது" என்று சொல்லும் தகுதியைப் பெற்றார்கள். ஈரவலயத்து ஆட்கள் மடிந்த வருடத்தில் வறள்வலயத்தின் பழகிய உடம்புகள் அதிகம் தாக்குப்பிடித்தன. இதுவும் உண்மைதான்.

பிறகு டி.டி.டி வந்தது. 1963இல் நாடு முழுவதும் பதிவானது வெறும் 17 மலேரியா நோயாளிகள். ஒழிந்தது என்று நினைத்து மருந்தடிப்பதையும் தேடுவதையும் தளர்த்தினார்கள். 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பி வந்தது! கொரோனா வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்த நம் வாப்பாமார் அந்த வருடங்களில் வாலிபர்கள். உப்பளத்தில் குளோரோகுயின் குளிசையின் கசப்போடு வேலை செய்ததை இன்னும் சொல்வார்கள். கடைசியாக 2012இல்தான் உள்ளூரில் தொற்றிய மலேரியா நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

இவற்றோடு இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு விரட்டப்பட்டு நம் கரைக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஓலைக் குடிசை, ஒரு கிணற்றுக்கு நூறு வாளி, மழை வந்தால் வயிற்றோட்டம். அன்று நாற்பது வயதில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்தவர் 2020இல் எழுபது வயதுக் கிழவர். அவரிடம் போய் "வெளியே போகாதீங்க, கிருமி இருக்கு" என்றால், அவர் முகத்தில் வரும் சிரிப்பை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆக, 2020 மார்ச்சில் நம் மூத்தவர்களின் கையில் இருந்த அளவுகோல் இதுதான்: எதையெல்லாம் தாண்டி வந்தோம். டொக்டரின் அளவுகோலோ வேறு: வயது என்ன, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நெஞ்சில் ஏதும் இருக்கிறதா. முதல் அளவுகோலில் அவர்கள் ஊரிலேயே பலசாலிகள். இரண்டாவதில் அவர்கள்தான் முதல் ஆபத்தில் இருந்தவர்கள். மலேரியா கொடுத்த எதிர்ப்பு மலேரியாவுக்கு மட்டும்தான் என்பதை யாரும் அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லவில்லை. "வயோதிபர்கள் அவதானமாக இருக்கவும்" என்று வானொலி சொன்னது. நம் ஆட்களில் யார் தன்னை வயோதிபர் என்று நினைத்தார்கள்? வயோதிபர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்!

அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். மார்ச் 18 மாலை, நாட்டில் முதன்முதலாக ஊரடங்கு போட்டது நம் மாவட்டத்துக்கும் நீர்கொழும்பு கொச்சிக்கடைப் பக்கத்துக்கும்தான். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் தெற்குக் கரையோரத்தில் நிறையப் பேர் என்பதால். இரண்டு நாளில் நாடு முழுவதும். மற்ற மாவட்டங்களுக்கு இடையிடையே திறந்தார்கள். நமக்கும் இன்னும் ஐந்து மாவட்டங்களுக்கும் பூட்டுத்தான். மார்ச் 28இல் இலங்கையின் முதல் கொரோனா மரணம். அவரும் நம் மாவட்டத்தின் தென்பகுதியைச் சேர்ந்தவர். வயதானவர், சீனி வருத்தமும் இருந்தது. அந்தச் செய்தியில் எல்லாம் இருந்தது: வயது, வருத்தம், ஊர். ஆனாலும் நம் திண்ணைகளில் பேசப்பட்டது "அவர் வெளிநாட்டு ஆட்களோட பழகினவராம்" என்பது மட்டும்தான். நமக்கும் அவருக்கும் பொதுவாக இருந்ததை விட்டுவிட்டு, பொதுவாக இல்லாததைப் பிடித்துக்கொண்டோம். மனிதர்கள் எங்கும் இப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் நீல் வைன்ஸ்டீன் 1980இலேயே கல்லூரி மாணவர்களை வைத்துக் காட்டினார்: கெட்டது நடந்தால் அது மற்றவனுக்கு நடக்கும் என்றே பெரும்பாலோர் கணக்குப் போடுகிறார்கள்.

நம் ஊரில் சுகம் என்பது இரத்தத்தில் இல்லை, காலில் இருக்கிறது. இதை ஆசிரியர்கள் நாங்கள் அந்த மாதங்களில்தான் சரியாகப் புரிந்துகொண்டோம். சுபஹுக்கு நடந்து பள்ளிக்குப் போகிறாரா, முதல் ஸப்பில் நிற்கிறாரா, நின்று தொழுகிறாரா, கதிரையிலா? இதுதான் ஒரு மனிதர் நன்றாக இருக்கிறாரா இல்லையா என்பதற்கு ஊர் வைத்திருக்கும் பரிசோதனை. கல்பிட்டி, கரைத்தீவுப் பக்கம் என்றால் இன்னும் வள்ளத்தில் ஏறுகிறாரா என்பது. சந்தைக்கு சைக்கிளில் போய் மீன் வாங்குகிறாரா என்பது. வெளியே போவதுதான் சுகத்தின் சாட்சி. கொரோனா வந்தபோது வெளியே போவதுதான் ஆபத்து என்றார்கள். எழுபது வயதுக்காரரிடம் "வீட்டில் இருங்கள்" என்று சொன்னால் அவர் காதில் விழுந்தது "நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள்" என்பது. அவர் அடம்பிடித்ததில் ஆச்சரியம் என்ன?

மார்ச் நடுப்பகுதியிலேயே ஜம்இய்யத்துல் உலமா ஜமாஅத் தொழுகையையும் ஜும்ஆவையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்ல முடிவு, உரிய நேரத்தில் எடுத்த முடிவு. இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மூத்தவர்களில் சிலர் அஸர் பாங்கு கேட்டதும் பூட்டிய பள்ளியின் கேட் வரைக்கும் நடந்து போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்துப் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. நம் கணிப்பில், அவர்கள் தங்களுக்கே ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தார்கள்: இன்னும் நடக்கிறேன் என்று.

பெண்களின் கணக்கு நேர்மாறு. நம் உம்மாமார், மூத்தம்மாமார் தங்களை நோயாளி என்று தாராளமாக ஒப்புக்கொள்வார்கள். "எனக்கு ஏலாது மகன், உடம்பெல்லாம் குத்து" என்பார்கள். தைலப் போத்தல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அவர்கள் நினைத்தது: நான்தான் வாசலைத் தாண்டுவதில்லையே, எனக்கு எப்படி வரும்? மகன் கடைக்குப் போய் வந்தான், மருமகன் கொழும்பு போய் வந்தார், பேரப்பிள்ளை மடியில் ஏறியது. வாசலைத் தாண்டாதவருக்கு நோய் வாசலைத் தாண்டி வந்தது. பலசாலி என்று நினைத்த வாப்பாவும் பலவீனம் என்று நினைத்த உம்மாவும் இரண்டு வேறு வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மரமஞ்சள், கருஞ்சீரகம், ஆவி பிடித்தல். இவற்றில் கை வைக்காத வீடு இல்லை. அதைக் கேலி செய்யும் நோக்கம் நமக்கு இல்லை. சூடான கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம், பிள்ளைகள் கொண்டுவந்து தருவது மனதுக்கு இதம். ஆனால் ஒரு கோப்பை குடித்தவுடன் கவசம் போட்ட நினைப்பு வந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் பிரச்சினை. இது நமக்கு மட்டும் உரிய வியாதி என்றும் நினைக்கவேண்டாம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்து நின்றது. பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமக்கு மட்டும் நடந்தது.

2020 மார்ச் கடைசியில் முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா முதன்முதலாக எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 வர்த்தமானி அதைச் சட்டமாக்கியது. எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் எரிந்துகொண்டிருந்தபோது, கப்பலில் அது வந்துவிடும் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். நூற்றிருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அதைத் தூசு தட்டி எடுத்து நம் மையத்துகளின் மேல் வைத்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. உலகமே புதைத்துக்கொண்டும் இருந்தது.

அன்றிலிருந்து நம் மூத்தவர்களின் கேள்வி மாறியது. "எனக்கு இந்த வருத்தம் வருமா, வந்தால் தப்புவேனா" என்பது போய், "என்னை என்ன செய்வார்கள்" என்பது வந்தது. மௌத்தைப் பற்றிப் பயம் இல்லாத மனிதர்கள் அவர்கள். கபன் துணியை வாங்கி அலுமாரியில் வைத்திருப்பவர்கள், மையவாடியில் இன்ன மரத்தடியில் என்று இடம் சொல்லி வைத்திருப்பவர்கள். பத்து மாதம் அவர்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது நெருப்பு.

இதனால் இரண்டு விதமான நடத்தை உண்டானது. ஒரு பக்கம், அதுவரை முகக்கவசத்தை நாடியில் தொங்கவிட்டவர்கள் மூக்குக்கு மேலே இழுத்தார்கள். வீட்டை விட்டு இறங்காதே என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வானொலியும் ஒலிபெருக்கியும் சாதிக்காததை அந்தப் பயம் சாதித்தது என்று சிலர் சொல்வார்கள். அதோடு நிறுத்திக்கொண்டால் கதை பாதிதான். மறுபக்கம், காய்ச்சல் வந்தால் மறைத்தார்கள். இருமலைத் தலையணையில் அமுக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பரிசோதிப்பார்கள், பரிசோதித்தால் 'பொசிட்டிவ்' என்பார்கள், அதற்குப் பிறகு நம் கையில் இல்லை. கொரோனா இல்லாத வருத்தத்துக்கும் போகாமல் விட்டவர்கள் உண்டு: சீனி கூடியவர்கள், நெஞ்சு வலித்தவர்கள். கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்த அந்த நாட்களில், மருந்து வந்தது; இரத்தம் சோதிப்பது நின்றது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத மகன், வீட்டிலேயே மௌத்தாகிறன்" என்று கெஞ்சிய குரல்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பது?

வரலாற்றில் இது புதிதும் இல்லை. அதே 1897இலும் 98இலும் பம்பாயிலும் பூனாவிலும் பிளேக் வந்தபோது, சிப்பாய்கள் வீடு புகுந்து நோயாளிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். சனம் நோயாளியை ஒளித்தது, மையத்தை இரவோடு இரவாக அடக்கியது, ஆஸ்பத்திரி என்றாலே ஓடியது. நோயை ஒளிக்கவைக்கும் சட்டம் நோயைத் தடுக்காது என்பதை அந்தக் காலத்து அரசே கண்டுகொண்டு பிடியைத் தளர்த்தியது. இங்கே அந்தப் பாடத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

டிசம்பரில் இருபது நாள் குழந்தையை எரித்தபோது பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. அதில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள், அதை மறக்கக்கூடாது. 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி மாறியது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். நம் கரையிலிருந்து பார்த்தால் நாட்டின் அந்தக் கோடி. கப்ரைப் போய்ப் பார்க்க ஒரு நாள் பயணம். ஆனாலும் அந்த வாரம் மூத்தவர்களின் முகம் மாறியதைக் கண்ணால் பார்த்தோம். "தூரம் என்றாலும் மண்தானே." ஒரு வருடம் கழித்து, 2022 மார்ச்சில்தான் சொந்த ஊர் மையவாடி திரும்பக் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தபோது சொன்ன கணக்கு: எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். அந்த எண்ணுக்குள், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே மோசமானவர்கள் இல்லை. அவர்களை யாரும் எண்ணவில்லை.

இனித் தடுப்பூசி. 2021இல் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். பாடசாலைகள்தான் ஊசி நிலையங்கள். பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில், சின்னக் கதிரைகளில் அவர்களுடைய மூத்தவாப்பாமார் வரிசையாக இருந்தார்கள். வராதவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பார்த்தோம். ஒருவர் சொன்னார், "நான் ஒரு நாளும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்ல சேர், எனக்கு எதுக்கு?" அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "எனக்கு இருக்கிற வருத்தத்துக்கு இந்த ஊசி தாங்காது சேர்." ஒருவருக்குச் சுகம் காரணம், மற்றவருக்கு வருத்தம் காரணம். இருவருக்கும் ஊசி இல்லை. அந்த ஓகஸ்டில் நாட்டில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் என்ற அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். இலங்கையில் கொரோனாவால் இறந்த 16,000க்கும் அதிகமானோரில் பெரும்பாலானவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள்.

மனதை மாற்றியது எது என்றும் பார்த்தோம். புள்ளிவிபரம் இல்லை. ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஹாஜியார்மார்தான். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் ஹஜ் விசா கிடைக்காது என்பது பல வருடமாக உள்ள சட்டம். அதைக் கையை நீட்டிப் போட்டுக்கொண்டு போனவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அப்போது யாரும் "எனக்கு எதுக்கு" என்று கேட்கவில்லை. "அண்டைக்கு மக்காவுக்குப் போட்ட கைதானே, இண்டைக்குப் பள்ளிக்குப் போட்டா என்ன?" என்று ஒரு ஹாஜியார் கேட்டது, எங்கள் பக்கத்தில் எந்தத் துண்டுப்பிரசுரத்தையும் விட அதிகம் வேலை செய்தது. ஊசி என்பது நோயாளிக்கு என்ற நினைப்பை மாற்றி, பயணம் போகிற திடமானவன் செய்கிற ஆயத்தம் என்று அவர் ஆக்கிவிட்டார்.

மார்க்கத்தைக் காரணம் காட்டி "தவக்குல்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஹிஜ்ரி 18இல் ஷாமில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயைச் சிறுவயதில் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். கலீபா உமர் (ரழி) ஸர்க் என்ற இடம்வரை போய், செய்தி கேட்டு, மூத்த ஸஹாபாக்களிடம் கருத்துக் கேட்டு, திரும்பிவிட்டார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டதற்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். இந்தச் சம்பவத்தை 2020இல் நம் உலமாக்கள் நிறையவே எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள். நம் கரையில் 1344இல் வந்திறங்கிய இப்னு பதூதா, நான்கு வருடம் கழித்து டமஸ்கஸில் பெரும் பிளேக்கைப் பார்த்தார். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் நோன்பு வைத்து, ஒன்றாக வெளியே வந்து அழுது பிரார்த்தித்ததைப் பதிந்திருக்கிறார். அவ்வளவு பெரிய கூட்டம் ஒன்றுகூடியது நோய்க்கு நல்லதா என்று இன்று கேட்கலாம். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூத்தவர்களின் "நல்லா இருக்கிறன்" என்ற பதிலை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 1997இல் இட்லர், பென்யாமினி என்ற இரு ஆய்வாளர்கள், பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். "உங்கள் உடல்நிலையை எப்படிச் சொல்வீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு "மோசம்" என்று சொன்னவர்கள், டொக்டர் கண்ட நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும், மற்றவர்களை விடச் சீக்கிரம் இறந்திருந்தார்கள். உடம்பு தனக்குள் அறிந்த ஏதோ ஒன்று அந்தப் பதிலில் இருக்கிறது. முதுமையை நல்லதாக நினைப்பவர்கள் தங்கள் உடம்பைக் கூடுதலாகப் பராமரிக்கிறார்கள் என்று பெக்கா லெவி என்ற அமெரிக்கப் பேராசிரியையின் ஆய்வுகளும் காட்டின. ஆகவே ஒரு மூத்தவரிடம் "நீங்க நோயாளி, நீங்க நோயாளி" என்று ஓதிக்கொண்டிருப்பது மருந்தாகாது. அவரைப் படுக்கையில் போட்டுவிடும்.

கேள்வியை மாற்றிக் கேட்கலாம். ஊரில் அனுபவமுள்ள ஒரு குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) செய்வதைக் கவனித்திருக்கிறோம். "வருத்தம் இருக்கா" என்று அவர் கேட்பதே இல்லை. "உம்மா, காலையில என்ன குளிசை போட்டீங்க?" என்பார். "போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் கிணத்தடிக்கு நடக்கிறதுல வித்தியாசம் இருக்கா?" என்பார். ஷுக்ருக்கு ஷுக்ரு, விபரத்துக்கு விபரம். அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு உம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

இந்தத் தவணை எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வரலாற்று ஒப்படையாக ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். வீட்டு மூத்தவர் விரும்பினால் மட்டும், பெயர் எழுதாமல், அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டி, 2020, 2021இல் எந்தெந்த மாதங்கள் வெறுமையாக இருக்கின்றன என்று குறித்துவரச் சொன்னோம். பிறகு அந்த மாதங்களில் ஏன் போகவில்லை என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதவேண்டும். முதலில் வந்த கொப்பிகளில் ஒன்றில் 2020 ஏப்ரலிலிருந்து 2021 மார்ச் வரை ஒரு பதிவும் இல்லை. ஏப்ரல் மாதத் திகதியில் திரும்பவும் டொக்டரின் கையெழுத்து, சீனி 280 என்று. காரணம் என்ற இடத்தில் பிள்ளை எழுதியிருந்தது: "மண் கிடைக்கும் எண்டு தெரிஞ்ச பொறகுதான் போன."

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கொப்பி இருந்தால், குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.